ஜெனோவாவில் இரண்டரை நாட்கள்: கல் கொத்திய அப்பாவுக்கு எதையெல்லாம் காட்டலாம்?

பர்கூர்க் கல்லுளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் பர்கூர் அருகே கிரானைட் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். ஆலைக்கு வாங்க உத்தேசித்துள்ள அறுவை இயந்திரம் ஒன்றை நேரில் பார்த்து அறிக்கை தருவதற்காக, வரும் அக்டோபரில் என்னை இத்தாலியின் கராரா நகருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பயணத்தோடு சேர்த்து, என் சொந்தச் செலவில் அப்பாவையும் அழைத்துச் செல்ல முடிவு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் மிலானிலிருந்து ரயிலில் ஜெனோவா வந்து சேர்ந்து, திங்கட்கிழமை காலை அங்கிருந்து கராராவுக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆக, எங்கள் கையில் இருப்பது இரண்டரை நாட்கள்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் என் கேள்வி உங்களுக்குப் புரியும். அவருக்கு 68 வயதாகிறது. இளமையில் அம்மி, ஆட்டுக்கல், உரல் கொத்திக் காவேரிப்பட்டணத்திலும் போச்சம்பள்ளிச் சந்தையிலும் விற்றவர். வீடுகளுக்கு மிக்ஸியும் கிரைண்டரும் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்ட பிறகு, குவாரிகளில் பிளாக் எடுக்கும் வேலைக்குப் போனார். ஒரு கல்லை உளியால் இரண்டு தட்டுத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே உள்ளே விரிசல் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்துக் கல் ஒன்றுக்கு வணிகத்தில் ‘பாரடைசோ’ என்று பெயர். இத்தாலிய மொழியில் அதற்குச் சொர்க்கம் என்று பொருள். அந்தக் கல்லைப் பல ஆண்டுகள் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பியவர், அந்தப் பெயரை வைத்த மக்களின் நாட்டை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இணையத்தில் தேடினால் மீன் காட்சியகம், கொலம்பஸ் வீடு, கடற்கரை என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் தருகிறார்கள். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லோடு வாழ்ந்த ஒருவர் நின்று பார்க்கக்கூடிய சுவர்கள், வாசல்கள், தெருக்கள், பழைய துறைமுகத்தின் வாழ்க்கை தெரியும் மூலைகள் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை, அந்த ஊரில் நடந்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். அப்பா சைவ உணவு மட்டுமே உண்பவர். முட்டையும் சேர்க்க மாட்டார். அங்கே அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

பென்னாகரம் நிலா எழுதியது:

வணக்கம் சகோதரரே. ஆராய்ச்சிப் படிப்புக்காக நான்கு ஆண்டுகள் ஜெனோவாவில் வாழ்ந்தவள் நான். தங்கள் கேள்வியைப் படித்ததும், அந்த ஊரின் கற்களைத் தங்கள் அப்பாவின் கண்களால் மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஜெனோவா தன் செல்வத்தை வெளியே காட்டிக்கொள்ளாத ஊர். பழைய நகரத்தின் சந்துகளை அவர்கள் கருஜ்ஜி என்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம், இரு பக்கமும் ஆறேழு மாடி வீடுகள், மேலே நாடா போல ஒரு துண்டு வானம். ஐரோப்பாவின் மிகப் பெரிய பழைய நகரப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. முதல் நாள் எனக்குள் ஏற்பட்டது அச்சம்தான். இருட்டும் ஈரமும் மீன் வாடையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. தலையைத் தூக்கி வாசல் நிலைகளுக்கு மேலே பார்க்கப் பழகிய பிறகே அந்த ஊர் எனக்குத் திறந்தது. பல வாசல்களின் மேல் கரும்பலகைக் கல்லிலோ பளிங்கிலோ புடைப்புச் சிற்பம் இருக்கும். புனித ஜார்ஜ் குதிரை மேலிருந்து நாகத்தைக் குத்தும் காட்சிதான் அதிகம்; அவர் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட புனிதர். பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் வியா தெலி ஒரேஃபிச்சியில், குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் மூவர் வரும் காட்சியைச் செதுக்கிய வாசல் ஒன்று உண்டு. கீழே கடைகளில் கூட்டம் நெரியும். மேலே ஒருவரும் பார்ப்பதில்லை. தெருமுனைகளில் மாதாவின் சிறு மாடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நம் ஊரில் முச்சந்திப் பிள்ளையார் இருப்பதுபோல என்று சொன்னால் தங்கள் அப்பாவுக்கு உடனே விளங்கும்.

நான் தங்களை வற்புறுத்தி அனுப்ப விரும்பும் இடம் சான் மத்தேயோ சதுக்கம். மிகச் சிறியது, வழி தவறிப் போனவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். தோரியா என்னும் பெருங்குடும்பத்தின் தேவாலயமும் வீடுகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. தேவாலயத்தின் முகப்பு வெள்ளைப் பளிங்கும் கறுப்பு நிறக் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிய பட்டைகளால் ஆனது. அருகே சென்று பார்த்தால், அந்த வெள்ளைப் பட்டைகளில் வரி வரியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பது தெரியும். அவை அந்தக் குடும்பத்துக் கடற்படைத் தலைவர்களின் வெற்றிகள். எந்த ஆண்டில், எந்தக் கடலில், யாரை வென்றார்கள் என்று இலத்தீனில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் கோயில் சுவர்களில் உள்ள மெய்க்கீர்த்திகளைப் படித்த எவருக்கும் அங்கே நின்றால் அயலூர் என்ற எண்ணமே வராது. 1298ஆம் ஆண்டு குர்சோலாத் தீவருகே லாம்பா தோரியா வெனிஸ் கடற்படையை முறியடித்த செய்தியும் அங்கே உண்டு. அந்த வெற்றிக்காக நகரம் அவருக்குப் பரிசளித்த மாளிகை அதே சதுக்கத்தில் நிற்கிறது. அவரை அடக்கம் செய்த பழைய ரோமானியக் கல்பேழையையே தேவாலயத்தின் முகப்பில், சன்னலுக்குக் கீழே பதித்திருக்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டிலிருந்து தங்களைத் துறைமுகம் நோக்கி நடக்கச் சொல்வேன். பத்து நிமிட நடைதான். கடலைப் பார்த்தபடி, சுவரெல்லாம் வண்ண ஓவியம் தீட்டிய பெரிய கட்டடம் ஒன்று வரும். அதுதான் 1260இல் கட்டத் தொடங்கிய சான் ஜோர்ஜோ மாளிகை. இப்போது அது துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம். 1407இல் தொடங்கிய, ஐரோப்பாவின் பழமையான வங்கிகளுள் ஒன்று அங்கிருந்தே இயங்கியது. அதற்கும் முன்பு அது சிறையாக இருந்தது. குர்சோலாவில் பிடிபட்டவர் என்று மரபாகச் சொல்லப்படும் மார்க்கோ போலோ, தம் பயணக் கதையை பீசா நகரத்து ருஸ்திகெல்லோ என்ற உடன்கைதிக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்தது இங்கேதான் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நம் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும், காயல் துறைமுகத்தையும், ஏடனிலிருந்தும் அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் குதிரைகள் ஏற்றி வந்து அங்கே நின்ற கப்பல்களையும் பற்றி அவர் சொன்னவை உலகுக்குக் கிடைத்தது ஜெனோவாவின் சிறையிலிருந்து. அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று நான் முதன்முறை இதை எண்ணிப் பார்த்தபோது, மத்தியதரைக் கடலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையில் இருந்த தூரம் மிகவும் சுருங்கிவிட்டது.

சான் லொரென்சோ பேராலயத்தை எல்லோரும் சொல்வார்கள். அதை நானும் விட மாட்டேன். 1118இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் முகப்பிலும் அதே கறுப்பு வெள்ளைப் பட்டைகள் உண்டு. உள்ளே வலப்பக்கத்தில் பீரங்கிக் குண்டு ஒன்றைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் பிரிட்டிஷ் கப்பல்கள் நகரைத் தாக்கியபோது, கூரையையும் சுவரையும் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்காமல் போனது அது. வெளியே வந்தபின், முகப்பின் செதுக்கு வேலையில் எங்கோ சுருண்டு உறங்கும் கையளவு நாய் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். கல்வேலை தெரிந்த கண்ணுக்கு அது தானாகத் தட்டுப்படும்.

இனி உணவு. இந்த ஒரு விஷயத்தில் தாங்கள் கவலைப்படவே வேண்டாம். ஃபரினாத்தா என்று ஒன்று உண்டு. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கே பொருள்கள். மாவைக் கரைத்து ஊற வைத்து, வண்டிச் சக்கரம் போன்ற செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விறகு அடுப்பில் வேக வைத்து, சூடாக வெட்டித் தருவார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். முதல் வாயிலேயே எனக்கு எங்கள் வீட்டு அடை நினைவுக்கு வந்தது. பொடி மீன் போட்ட வகையும் உண்டு என்பதால், வெறும் ஃபரினாத்தா என்று கேட்டு வாங்குங்கள். பெஸ்தோ என்னும் பச்சைத் துவையலின் இலை நமக்குப் புதிதன்று. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான் அது. அந்த இலையை பைன் பருப்பு, பூண்டு, கல்லுப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்து, மாவுப் பண்டத்தோடு பிசைந்து தருவார்கள்; உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும் உடன் வேகும். ஆனால் அதில் சேரும் பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே கண்டிப்பான சைவர் என்றால் பாலாடைக்கட்டி இல்லாமல் தரச் சொல்லுங்கள். அதை அரைக்கும் பழைய முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: கராராப் பளிங்கில் குடைந்த கல்லுரலும் மர உலக்கையும்தான் அதற்குரிய கருவிகள். பழைய பாத்திரக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அந்த உரல்களைப் பார்க்கலாம். தங்கள் அப்பாவை அங்கே அவசியம் நிறுத்துங்கள்.

பாலக்கோட்டு மாலுமி எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் சரக்குக் கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன். ஜெனோவாவுக்கு ஆறு முறை போயிருக்கிறேன், அதில் நான்கு முறைதான் கரையிறங்க நேரம் கிடைத்தது. சகோதரி எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் அவர் நகரத்துக்குள்ளிருந்து பார்த்தார். நான் கடலிலிருந்து பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

அந்த ஊரை முதலில் காட்டுவது லான்தெர்னா என்னும் கலங்கரை விளக்கம். அந்த இடத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே விளக்குக் கோபுரம் இருந்தது. இப்போது நிற்பது 1543இல் கட்டியது. 77 மீட்டர் உயரம். ஒரு சதுரக் கோபுரத்தின் மேல் இன்னொரு சதுரக் கோபுரத்தை வைத்ததுபோல, பாறையின் மேல் நிமிர்ந்து நிற்கும். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் வேலையில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் இன்றும் இரவில் அதன் ஒளியைப் பார்த்தபடிதான் உள்ளே வருகிறோம். பார்வையாளர்கள் முதல் மாடம் வரை 172 படிகள் ஏறலாம். எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால், நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டாலும் குறையில்லை. அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதே அழகு.

துறைமுகத்தையொட்டி சொத்தோரீபா என்ற வளைவுத் தாழ்வாரம் நீளமாக ஓடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அப்போது கடல்நீர் ஏறத்தாழ அதன் அருகே வரை இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவனுக்குக் கயிறும் பாயும் ரொட்டியும் விற்ற கடைகளின் வாரிசுகள் இன்று மீன் பொரித்து விற்கின்றன. தங்கள் அப்பாவுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது என்றே நினைக்கிறேன். ஆயினும் காலை ஏழு மணி வாக்கில் கடைகள் திறக்கும் முன் ஒரு முறை அதன் வழியே நடந்துவிடுங்கள். தூண்களில் பல ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதையும் அப்பா கவனிப்பார்.

கொலம்பஸ் வீடு என்று காட்டுவது 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே போக நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும் போர்த்தா சொப்ரானா என்னும் இரட்டைக் கோபுர வாசலை விட்டுவிடாதீர்கள். ஜெர்மானியப் பேரரசன் பார்பரோஸா படையெடுத்து வருவான் என்று அஞ்சி 1155இல் நகர மக்கள் எழுப்பிய மதிலின் வாசல் அது. அந்த வாசலே பேசுவதுபோல அதில் இலத்தீன் கல்வெட்டு இருக்கிறது: அமைதியோடு வருபவன் இந்தக் கதவுகளைத் தொடலாம், போரோடு வருபவன் தோற்றுத் துயரத்தோடு திரும்புவான் என்பது அதன் கருத்து. நான் முதன்முறை போனபோது பொருள் தெரியாமலேயே அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு கப்பலில் இத்தாலிய அதிகாரி ஒருவர் விளக்கிச் சொன்னார். அருகிலேயே இடிக்கப்பட்ட ஒரு மடத்தின் தூண் முற்றம் மட்டும் தனியே நிற்கிறது. இரட்டை இரட்டையாக நிற்கும் அந்தச் சிறு தூண்களின் போதிகைகளில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேலைப்பாடு.

அருங்காட்சியகம் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் கலாத்தா கடல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டுத் துடுப்புக் கப்பலை முழு அளவில் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்கள். அடிமைகளும் கைதிகளும் சங்கிலியோடு அமர்ந்து துடுப்பு வலித்த பலகைகளைப் பார்த்தபோது, இயந்திர அறையின் வெப்பத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்த குறைகளெல்லாம் நின்றுவிட்டன. வாழ்வு தேடி ஜெனோவாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழை இத்தாலியர்களின் கதையும் அங்கே உண்டு.

அதியமான்கோட்டை ஆசிரியர் எழுதியது:

தம்பிக்கு என் அன்பு. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் தேடி ஊர் ஊராக அலைந்தவன். மகன் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போயிருந்தபோது அவன் என்னை ஜெனோவாவுக்கும் அழைத்துப் போனான். மேலே எழுதிய இருவரும் உயிரோடிருப்பவர்களின் ஊரைச் சொல்லிவிட்டார்கள். இறந்தவர்களின் ஊரை நான் சொல்கிறேன்; கல் கொத்தியவருக்கு அதைவிடப் பெரிய காட்சி அங்கே வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நகருக்கு வடக்கே, பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தூரத்தில், ஸ்தாலியேனோ என்னும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1851இல் திறக்கப்பட்டது. இத்தாலியின் விடுதலைக்கும் ஒற்றுமைக்கும் உழைத்த மாத்சினியின் கல்லறை அதன் மரங்கள் அடர்ந்த சரிவில் உள்ளது. ஆனால் நான் சொல்ல வருவது கீழே உள்ள நீண்ட வளைவு மண்டபங்களை. தூணுக்குத் தூண், 19ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பங்கள் தங்கள் இறந்தோருக்கு வைத்த பளிங்குச் சிலைகள், ஆளுயரத்தில், உள்ளவை உள்ளபடி. மரணப் படுக்கையின் துணியை விலக்கிக் கணவன் முகத்தை இறுதியாகப் பார்க்கும் மனைவி, கதவைத் தட்டும் விதவை, அப்பாவின் கையை முத்தமிட எட்டும் குழந்தை. துணியின் மடிப்பு, பின்னல் ஓரம், சட்டைப் பொத்தான், கைநரம்பு எல்லாம் கல்லில். சிலைகளின் மேற்பரப்பில் தூசு கறுப்பாகப் படிந்து, பள்ளங்களுக்கு நிழலைக் கூட்டியிருக்கிறது.

அந்த மண்டபத்தில் ஒரு பாட்டியின் சிலை இருக்கிறது. பெயர் காத்தரீனா கம்போதோனிகோ. பணக்காரி அல்லள், திருவிழாக்களிலும் கோயில் வாசல்களிலும் வெயிலிலும் மழையிலும் நின்று, நூலில் கோத்த கொட்டைகளையும் வளைய ரொட்டிகளையும் விற்றவர். கடல் வணிகர்களும் பிரபுக்களும் நிற்கும் வரிசையில் தமக்கும் ஒரு சிலை வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் காசு சேர்த்து, லொரென்சோ ஓரெங்கோ என்ற சிற்பியிடம் தாம் உயிரோடிருக்கும்போதே, 1881இல், தம் உருவத்தைச் செதுக்கச் செய்தார். பட்டுச் சால்வையும் பின்னல் வேலை செய்த முன்றானையுமாக, கையில் தம் விற்பனைப் பண்டங்களோடு நிமிர்ந்து நிற்கிறார். கீழே ஜெனோவாப் பேச்சுமொழியில் அவர் கதையைச் சொல்லும் பாடல் வெட்டப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அந்தச் சிலையின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். நம் பக்கத்து நடுகற்களில் நிற்பவர்களும் மன்னர்கள் அல்லர். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு விழுந்த ஊர்க்காரர்கள்தாம். யாருக்காக விழுந்தார், என்ன பெயர் என்பதை வட்டெழுத்தில் வெட்டி, உருவத்தைச் செதுக்கி, ஊர் எல்லையில் நட்டார்கள். பேராலயத்து நாயைப் பற்றி அம்மா ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், திருடர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்காகக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயை, மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் அதன் பெயரோடு செதுக்கி வைத்திருப்பதையும் தம்பி தன் தந்தையாருக்கு அங்கே நினைவூட்ட வேண்டும். ஸ்தாலியேனோவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஆகையால் காலையிலேயே செல்வது நல்லது.

பர்கூர்க் கல்லுளி எழுதியது:

மூவருக்கும் என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆசிரியர் ஐயா எழுதியதை இரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொட்டை விற்ற பாட்டியின் பகுதியை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார்.

எனக்கு இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவது, அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார், ஆனால் படியும் ஏற்றமும் ஆகாது. மலைச்சரிவில் அமைந்த ஊர் என்கிறார்களே, சமாளிக்க முடியுமா? இரண்டாவது, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று யாராவது வரிசைப்படுத்தித் தந்தால் உதவியாக இருக்கும். ஊரைச் சுற்றி மலையுச்சியில் பழைய கோட்டைகள் உள்ளன என்றும் படித்தேன். இராயக்கோட்டை மலையில் ஏறி இறங்கிய அப்பாவுக்கு அவற்றையும் காட்ட ஆசைதான்.

பென்னாகரம் நிலா எழுதியது:

கோட்டைகளை இந்த முறை விட்டுவிடுங்கள். ரிகி வரை கம்பிவட ரயில் மேலே கொண்டுபோய் விடும் என்றாலும், அதற்கப்பால் கோட்டைக்குக் கோட்டை நடையும் ஏற்றமும்தான். முழங்கால் வலியோடு அது வேண்டாம்.

மற்றபடி, ஏற்றத்தை அந்த நகரமே தீர்த்து வைத்திருக்கிறது. அங்கே பேருந்து போல லிஃப்டும் பொதுப் போக்குவரத்து. போர்த்தெல்லோ சதுக்கத்தில் ஒரு சுரங்க வழிக்குள் நுழைந்து லிஃப்டில் ஏறினால் காஸ்தெல்லெத்தோ மேட்டில் விடும். கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள், மணிக்கூண்டுகள், அப்பால் பாரந்தூக்கிகள், கடல், ஓரத்தில் லான்தெர்னா. அந்தக் கூரைக் கல் ஜெனோவாவுக்குக் கிழக்கே உள்ள மலைப் பள்ளத்தாக்கில் வெட்டியெடுப்பது. அந்தப் பகுதியின் லவாஞ்ஞா என்ற ஊர்ப் பெயரே இத்தாலிய மொழியில் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பெயராகிவிட்டது. வீடுகளின் படிக்கட்டும் பல இடங்களில் அதே கல்தான். பல நூற்றாண்டுக் கால்கள் பட்டு நடுவில் குழிந்திருக்கும்; மழை நாளில் வழுக்கும். அக்டோபரில் மழை வரக்கூடும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி இருவருக்கும் தேவை. பிரின்சிபே ரயில் நிலையத்தருகே இன்னொரு லிஃப்ட் இருக்கிறது. அது முதலில் ரயில் பெட்டி போல மலைக்குள் கிடைமட்டமாக ஓடி, பிறகு நின்று, அப்படியே நேராக மேலே எழும்பும். மேலே தல்பேர்திஸ் என்ற கப்பல் தலைவர் தமக்காகக் கட்டிக்கொண்ட கோட்டை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த லிஃப்டில் செல்வதற்காகவே கூடப் போகலாம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சொத்தோரீபா, சான் ஜோர்ஜோ மாளிகை, பழைய துறைமுகம் எல்லாம் சமதளத்திலேயே முடிந்துவிடும்; மாலையில் காஸ்தெல்லெத்தோ. சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன்பே, ஆசிரியர் ஐயா சொன்ன ஸ்தாலியேனோ. அங்கே மேல் சரிவுக்குப் போக வேண்டாம், கீழ் மண்டபங்களே போதும். அன்று மாலை சந்துகளும் சான் மத்தேயோவும் பேராலயமும். ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடக்கும் என்பதால்தான் இவற்றைச் சனிக்கிழமைக்கு வைக்கிறேன். ஞாயிறன்று கரிபால்தி தெரு. பழைய பெயர் புதுத் தெரு. நகரத்துக்கு வரும் அரசர்களையும் தூதர்களையும் எந்த வீட்டில் தங்க வைப்பது என்று 1576இல் செனட் தயாரித்த பட்டியலில் இடம்பெற்ற மாளிகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அப்படிப்பட்ட மாளிகைகளுள் 42ஐ யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. துர்சி மாளிகையில், புகழ்பெற்ற வயலின் கலைஞர் பகனீனி வாசித்த வயலின் இருக்கிறது. 1743இல் குவார்னேரி செய்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்களுக்குப் பூட்டியிருக்கும் மாளிகைகளையும் மக்களுக்குத் திறந்து விடுவார்கள். தங்கள் பயணம் அந்த நாட்களோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள். மாலையில் பேருந்தில் பொக்கதாஸ்ஸே என்னும் பழைய மீனவக் குப்பத்துக்குப் போய், கூழாங்கல் கரையில் அமர்ந்துவிட்டுத் திரும்பலாம்.

கூட்ட நெரிசலிலும் இருட்டிய பின் ரயில் நிலையத்தையொட்டிய சந்துகளிலும் பணப்பையைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பெரிய தெருக்கள் வழியாகவே விடுதிக்குத் திரும்புங்கள்.

நான் சொன்ன பளிங்கு உரலின் விளிம்பில் நான்கு காதுகள் வைத்திருப்பார்கள். இலையை அரைக்கும்போது ஒரு கையால் அந்தக் காதைப் பிடித்து உரலை ஒரு பக்கம் திருப்ப, மறு கையில் உள்ள உலக்கை எதிர்ப்பக்கம் சுழலும். வாங்க நினைத்தால் எடையைக் கணக்கில் கொள்ளுங்கள். சிறியதே சில கிலோ இருக்கும்.

பர்கூர்க் கல்லுளி எழுதியது:

மிக்க நன்றி சகோதரி. தாங்கள் தந்த வரிசைப்படியே செல்கிறோம்.

அந்த உரலின் படத்தைத் தேடி எடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நம் ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும்; இதில் இரண்டும் சுற்றுகின்றன, அதனால்தான் காது வைத்திருக்கிறான் என்றார். பிறகு, பளிங்கு மெத்தென்ற கல், இலை அரைக்கத் தாங்கும், அரிசி போட்டால் கல்லும் சேர்ந்து மாவாகிவிடும் என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் பொளிந்திருக்கிறார்களா, வழவழப்பாக விட்டிருக்கிறார்களா என்று கேட்டார். படத்தில் அது தெரியவில்லை. அங்கே போய்த் தொட்டுப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.